கரண்டு போனப்புறம் மிஞ்சுகிற பாட்டு

கோடை உழவு ஓட்டிட்டு வந்து திண்ணையில் உக்காந்தேன். செல்போனில் மருமகனோட செய்தி. தங்கச்சி மகன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்போ ஆரம்பிச்ச சண்டை, அவன் பஸ் ஏறிப் போயும் முடியலை.

"மாமா, அந்த பி.பி.சி. ஓட்டெடுப்பை இன்னும் தூக்கிச் சுமக்காதீங்க. அது ஈமெயில் அனுப்பி ஆள் சேர்த்துக் குத்துன ஓட்டு. உலகத்தின் சிறந்த பாட்டுன்னு அதை வச்சுச் சொன்னா ஆபீஸ்ல சிரிப்பாங்க"ன்னு எழுதியிருந்தான்.

சிரிக்கட்டும். ஆனா எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு ஒருக்கப் பாத்திருவோம்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: 2002ல் பி.பி.சி. உலக சேவைக்கு 70 வயசு. அதை ஒட்டி, உலகத்திலேயே உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு நேயர்கள்கிட்டக் கேட்டாங்க. 150க்கும் மேற்பட்ட நாடுகள்ல இருந்து ஓட்டு வந்துச்சு. முதல் இடம், ஓல்ஃப் டோன்ஸ் குழு பாடின 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்' என்கிற அயர்லாந்து விடுதலைப் பாட்டு. மூணாவது பாகிஸ்தானோட 'தில் தில் பாகிஸ்தான்'. நாலாவது நம்ம 'ராக்கம்மா கையத் தட்டு'. 1991 தீபாவளிக்கு வந்த தளபதி படம், இளையராஜா இசை, வாலி எழுத்து, பாடினது எஸ்.பி.பி.யும் ஸ்வர்ணலதாவும். அதுக்கு அடுத்த அஞ்சாவது இடம் சினிமாப் பாட்டே இல்லை. திருமலை சந்திரன் பாடின 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' என்கிற ஈழத்துப் பாட்டு. வெள்ளைக்காரன் தலைமேல தூக்கி வைக்கிற 'போஹிமியன் ராப்சடி' பத்தாவதாத்தான் வந்துச்சு.

மருமகன் சொல்றதுல உண்மை இருக்கு. அயர்லாந்துப் பாட்டுக்கு ஈமெயில் போட்டு ஆள் சேர்த்தது ஊரறிஞ்ச கதை. தமிழாளுகளும் உலகம் பூரா இருந்து சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க. ஒத்துக்கிறேன். நாலாவது இடம் கிடைச்சதால ராக்கம்மா பெரிய பாட்டு ஆகிறலை. அதை நான் இனிமே சாட்சிக்குக் கூப்பிடலை, போதுமா?

ஆனா மாப்ள, உன் கையில இருக்கிற அளவுகோல் மட்டும் என்ன ஒழுங்கு?

நகரத்துப் பிள்ளைக பாட்டைப் பத்திப் பேசுறதை ரொம்ப நாளாக் கவனிச்சிட்டு வாறேன். மூணு வகையா அளக்கிறாங்க.

ஒண்ணு, எண்ணிக்கை. இத்தனை கோடிப் பேர் பாத்தாச்சு, அதனால பெரிய பாட்டு. 2011ல் 'கொலவெறி' வந்தப்போ எங்க ஊர் மளிகைக்கடைக்காரர் வரைக்கும் அதைப் பத்தித்தான் பேச்சு. 2020ல் 'ரவுடி பேபி' யூட்யூப்ல 100 கோடியைத் தாண்டுச்சு. நல்லது, சந்தோசம். ஆனா இதை ஒரு சம்சாரிகிட்டச் சொன்னா அவன் கேக்கிற முதல் கேள்வி, "தண்ணி எவ்வளவு பாய்ச்சினீங்க?"

எங்களுக்கு ரெண்டு வகை வெள்ளாமை தெரியும். கிணத்துத் தண்ணி, போர்த்தண்ணி, உரம், மருந்துன்னு நாளும் பாத்துப் பாத்து வளர்க்கிறது ஒண்ணு. மானாவாரி இன்னொண்ணு. புரட்டாசியில் மழைக்கு முந்தியே காய்ஞ்ச புழுதியில் விதையைப் போட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கணும். பெஞ்சா முளைக்கும். முளைச்சதை ஆடு, மாடு, பன்றி, புழு எல்லாம் தின்னது போக நிக்கிறது நமக்கு. கம்பெனி விளம்பரம், பேட்டி, டி.வி., ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப நம்ம மூஞ்சியில கொண்டாந்து காட்டுற மிஷினு, இதெல்லாம் தண்ணி பாய்ச்சுறதுதான். பாய்ச்சுறது தப்பில்லை. பாய்ச்சுறதை நிறுத்தினப்புறம் பயிர் நிக்குதான்னு பாக்கணும். பத்து வருசம் கழிச்சு, யாரும் காட்டாம, யாரும் காசு கொடுக்காம, ஒரு பாட்டு தானா ஒருத்தன் வாயில வருதா? வந்தா அது மானாவாரிப் பாட்டு. நான் அதைத்தான் மதிப்பேன்.

இதைச் சொன்னதும், "அப்போ கூட்டத்துக்குப் பிடிச்சதெல்லாம் மட்டம்னு சொல்றீங்களா?"ன்னு கேப்பீங்க. இல்லை. அப்படிச் சொல்ல கோவில்பட்டிக்காரனுக்கு வாய் வராது. காலண்டர் படம் வரைஞ்ச கொண்டையராஜு இருந்த ஊர் இது. அவர் வரைஞ்ச முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, தமிழ்நாட்டில் ஆணி அடிச்ச சுவரெல்லாம் தொங்குச்சு. அந்தக் காலத்து ஓவிய மேதைகள் பட்டியல்ல அவர் பேரைத் தேடினா லேசுல கிடைக்காது. ஆனா எங்க அம்மா கண்ணை மூடிச் சாமியை நினைச்சா, வந்து நின்னது அவர் வரைஞ்ச முகம். பக்கத்து எட்டயபுரத்துப் பாரதி, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தன்னோட புத்தகம் சர்வசாதாரணமா விக்கணும்னு ஆசைப்பட்ட ஆளு. தீப்பெட்டி ஆபீசுக்கு நடுவுல குடியிருக்கிற எங்களுக்கு அந்த ஆசை நல்லாவே புரியும். எல்லார் கையிலும் இருக்கிறது மட்டம்னு நினைக்கிற ஆளு நான் இல்லை. என் கேள்வி, எத்தனை கைக்குப் போச்சுங்கிறதைப் பத்தி இல்லை. போன கை அதை வச்சு என்ன பண்ணுச்சுங்கிறதைப் பத்தி.

ரெண்டாவது அளவுகோல், வித்தை. மருமகன் இந்தக் கட்சி. எந்த ராகம், எத்தனை வயலின், பின்னாடி எந்தச் சத்தம் எந்தச் சத்தத்தோட எப்படிப் பின்னுது, இதையெல்லாம் அவன் காதுல மாட்டுற மெஷினை வச்சுக் கேட்டு எனக்கு விளக்குவான். கேக்க நல்லாத்தான் இருக்கும். ராக்கம்மாவுல தொடக்கத்தில் வாற வயலினை மட்டும் அரை மணி நேரம் பேசினான்.

வித்தைங்கிறது உழவு மாப்ள. கோடை உழவு ஆழமா ஓட்டலைன்னா கரிசல் ஈரம் பிடிக்காது. மழை ஓடிப் போயிரும். அதனால உழவைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். மேலாகக் கீறிவிட்ட பாட்டு ஒரே வெயில்ல காய்ஞ்சு போறதை நானும் பாத்திருக்கேன். ஆனா உழவு அழகா இருக்குன்னு சொல்லி எவனும் கஞ்சி குடிச்சதில்லை. விளைஞ்சதா இல்லையாங்கிறது வேற கணக்கு. வித்தை பூரா இருந்தும் முளைக்காத பாட்டு எத்தனை வேணும்? உன் மெஷின்லயே இருக்கும்.

மூணாவது, வயசு. இது எங்க ஆளுக பண்ற தப்பு. நான் பதினெட்டு வயசுல கேட்டதுதான் உலகத்துலேயே பெரிய பாட்டு. எனக்கு அடுத்து வந்ததெல்லாம் இரைச்சல். எங்க அய்யாவும் இதையேதான் எனக்குச் சொன்னார். இலங்கை வானொலியில் அவருக்குப் பிடிச்ச பழைய பாட்டுப் போடுறப்போ நாங்க பேசினா முறைப்பார். நாங்க கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு பண்ணிட்டு வந்த பாட்டைப் போட்டா, "இதெல்லாம் ஒரு பாட்டா?"ம்பார். இன்னைக்கு நான் அதே முகத்தோட என் மகனைப் பாக்கிறேன். அதனால ஒரு கழித்தல் கணக்குப் போட்டுக்கிறேன்: நான் இளவட்டமா இருந்தப்போ வந்த பாட்டுன்னா, என் சாட்சி செல்லாது. அது வந்தப்போ பிறக்காத ஒருத்தன் வந்து பாடட்டும். அவன் சாட்சி செல்லும்.

வெளிநாட்டுப் பட்டியல் மட்டும் வேற மாதிரியா இருக்கு? ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 500 பாட்டுப் பட்டியல் போட்டு, 2004ல் பாப் டிலன் பாட்டை முதல்ல வச்சுது. 2021ல் திருப்பிப் போட்டப்போ அரேத்தா ஃப்ராங்க்ளினோட 'ரெஸ்பெக்ட்' முதல் இடத்துக்கு வந்துச்சு. பாட்டு ரெண்டும் பழசுதான். ஓட்டுப் போட்டவங்கதான் மாறினாங்க. ஆனா அந்த 'ரெஸ்பெக்ட்' கதையில எனக்கு வேண்டிய ஒரு சேதி இருக்கு. அதை முதல்ல எழுதிப் பாடினது ஓட்டிஸ் ரெட்டிங், 1965ல். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வாற ஆம்பளை, எனக்கு மரியாதை கொடுன்னு கேக்கிற பாட்டு. ரெண்டு வருசம் கழிச்சு அரேத்தா அதை எடுத்துப் பாடினதும், ஒரு பொம்பளை மரியாதை கேக்கிற பாட்டா ஆயிருச்சு. கறுப்பு மக்களும் பெண்களும் அதைத் தங்களோட பாட்டா எடுத்துக்கிட்டாங்க. எழுதினவன் நினைக்காத வாய்க்குப் போயி, அவன் நினைக்காத வேலையைச் செஞ்சுது அந்தப் பாட்டு.

இதே மாதிரி ஒரு பேச்சை நான் எங்க புஞ்சையிலயே கேட்டிருக்கேன்.

கொஞ்ச வருசத்துக்கு முந்தி, ஒரு கல்லூரியில் இருந்து நாலு பேர் வந்தாங்க. நாட்டுப்புறப் பாட்டுப் பதிவு பண்ணணுமாம். எங்க பருத்தியில் களையெடுத்துக்கிட்டிருந்த பொம்பளையாளுக கிட்டக் கூட்டிப் போனேன். "பாடுங்கம்மா"ன்னாங்க. இவளுகளும் கூச்சம் தெளிஞ்சு பாட ஆரம்பிச்சாளுக. நடுவுல ஒருத்தி சினிமாப் பாட்டு ஒண்ணை எடுத்தா. பல்லவி சினிமாவுதுதான், உள்ள வாற வரியெல்லாம் அவ மாத்திக் கட்டினது. எங்க ஊர் ஓடையும், கூலி பாக்கி வச்ச ஆளும் (நான் இல்லை!) அதுக்குள்ள வந்தாங்க. பதிவு பண்ண வந்த பையன் மிஷினை நிப்பாட்டிட்டு, "இது சினிமாப் பாட்டும்மா, வேண்டாம். உங்க பாட்டாப் பாடுங்க"ன்னான்.

அவ தொரட்டியைக் கீழ வைக்காமலே சொன்னா: "நாங்க பாடினா எங்க பாட்டுத்தானய்யா?"

எனக்குத் தெரிஞ்சு பாட்டைப் பத்தி யாரும் இதைவிடச் சரியாச் சொன்னதில்லை. அந்தப் பையன் அதைப் பதிவு பண்ணலை.

நகரத்து ஆளுகளுக்கு எங்களைப் பத்தி ரெண்டே நினைப்புதான். ஒண்ணு, செட்டுக்காரன் குழாயில் எதைப் போட்டாலும் தலையாட்டுற கூட்டம். இல்லைன்னா, சினிமாத் தூசி படாத பழம்பாட்டைப் பொத்தி வச்சிருக்கிற பெட்டி. ரெண்டும் இல்லைங்க. நாங்க பொறுக்குவோம். குழாயில் ஆயிரம் பாட்டுக் கேட்டு அதுல பத்தை வச்சுக்கிட்டு மிச்சத்தை விட்டுருவோம். அந்தப் பத்தையும் எங்க வேலைக்கு ஏத்த மாதிரி வளைச்சுக்குவோம். விதைக்குக் கதிர் பொறுக்குற மாதிரித்தான்.

இப்போ அந்த ராத்திரிக் கதைக்கு வாறேன். மருமகனுக்கு இதை நான் முழுசாச் சொன்னதில்லை.

2023 டிசம்பர் 17. மார்கழி பிறந்த அன்னைக்கு. அன்னைக்கும் மறுநாளும் தூத்துக்குடி மாவட்டத்துல பெஞ்ச மழையை நீங்க டி.வி.யில பாத்திருப்பீங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். எங்க பக்கமும் கண்மாய் உடைஞ்சு, ஓடை எது, பாதை எது, புஞ்சை எதுன்னு தெரியாமப் போச்சு. உளுந்து பிடுங்குற பக்குவத்துல நின்னுச்சு. கூலியாளுக்கெல்லாம் சொல்லி வச்சிருந்தேன். அத்தனையும் தண்ணிக்குள்ள. பின்னாடி போய்ப் பாத்தப்போ, நெத்துக்குள்ளேயே பயறு முளை விட்டிருந்துச்சு.

பள்ளத்துல இருந்த வீட்டாளுகளை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தோம். கரண்டு இல்லை. டவர் இல்லை. ரெண்டாம் நாள் எல்லாச் செல்போனும் செத்துப் போச்சு. மார்கழி மாசம் விடியக்காலம் கேக்கிற கோயில் குழாய்ச் சத்தமும் இல்லை. தவளையும் மழையும்தான். சின்னப் பிள்ளைக அழுதுக. பெரியாளுகளுக்கு அழுகை வரலை, பேச்சும் வரலை. ஆளாளுக்கு மனசுக்குள்ள கடன் கணக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம்.

பிள்ளைக அழுகையை அமத்த ஒரு பொண்ணு பாட ஆரம்பிச்சா. ஒண்ணு முடிய இன்னொண்ணு. நான் என்னைக்கும் திட்டுற புதுப்பாட்டு ரெண்டு மூணும் அதுல வந்துச்சு. கிழவிக உட்பட எல்லாரும் சேர்ந்துக்கிட்டாங்க. அந்த எடத்துல என் திமிரு கொஞ்சம் அடங்குச்சுன்னு சொல்லிக்கிறேன். நான் மேதைப் பாட்டுன்னு மெச்சுற சிலதை ஒருத்தரும் எடுக்கலை. எடுத்த ஒண்ணு ரெண்டும் முதல் வரியோட நின்னு போச்சு. வாத்தியம் இல்லாம அதுக்குக் கால் இல்லை.

அப்புறம் ஒரு பத்து வயசுப் பையன் தரையைத் தட்டி ராக்கம்மாவை எடுத்தான். அவன் பிறக்கிறதுக்கு இருவது வருசத்துக்கு மேல முந்தி வந்த பாட்டு. டி.வி.யில எவனோ பாடக் கேட்டிருப்பான் போல. வயலின் கிடையாது, ஒண்ணும் கிடையாது, கையும் தரையும்தான். பிள்ளைக எல்லாம் தட்டுச்சுக. பாதி வரி தெரியலை, சத்தத்தை வச்சு ஒப்பேத்துச்சுக. அந்தப் பாட்டுக்கு நடுவுல ஓட்டம் நின்னு, பொம்பளைக குரல்ல ஒரு தேவாரம் வரும்; தில்லை நடராசரைப் பாத்து அப்பர் பாடினது. அந்த எடம் வந்ததும் பிள்ளைகளுக்குத் தெரியலை. எல்லாம் நின்னு போச்சு.

அப்போ மூலையில ஈரச் சேலையோட உக்காந்திருந்த ஒரு பாட்டி எடுத்தா. அவளுக்கு அது சினிமாப் பாட்டே இல்லை. ஓதுவார் பாடக் கேட்டுச் சின்ன வயசுல மனப்பாடம் பண்ணினது. சினிமாவுல வாறதோட அவ நிப்பாட்டவும் இல்லை. முழுப் பாட்டையும் பாடி முடிச்சா. முடிச்சதும் அந்தப் பையன் ஒரு நொடி பாத்துட்டு, மறுபடி தரையைத் தட்டி, விட்ட எடத்துல இருந்து பிடிச்சுக்கிட்டான். பாட்டி சிரிச்சா. ரெண்டு நாளா ஊர்ல யாரும் சிரிச்சு நான் பாக்கலை.

ஏழாம் நூற்றாண்டுல பாடினது. 1991ல் சினிமாவுக்குள்ள வந்தது. 2023ல் எங்க பள்ளிக்கூடத் தரையில் பாட்டியும் பேரன் வயசுப் பையனும் ஆளுக்குப் பாதியாச் சேர்த்து முடிச்சது. எழுதின வாலி இல்லை. பாடின ஸ்வர்ணலதா இல்லை, எஸ்.பி.பி. இல்லை. பாட்டு இருந்துச்சு. உளுந்து போனது போனதுதான், அதைப் பாட்டு திருப்பித் தரலை. ஆனா கடன் கணக்கை விட்டுட்டு, அடுத்த ஆள் முகத்தைப் பாக்க வச்சுது.

மாப்ள, ராஜா அந்த எடத்துல தேவாரத்தை வச்சது வித்தைதான். உன் கட்சிக்கு அதை விட்டுத் தாறேன். ஆனா அது எவ்வளவு பெரிய வித்தைன்னு, வயலின் இல்லாத அந்த ராத்திரிதான் எனக்குத் தெரிஞ்சுது. பாட்டிக்கு ஒரு வாசல், பேரனுக்கு ஒரு வாசல்னு ரெண்டு வாசல் வச்சுக் கட்டியிருக்கார் மனுசன்.

எதிர்க்கேள்வி ஒண்ணு இருக்கு, அதை நானே கேட்டுக்கிறேன். கோவில்பட்டியில் வாழ்ந்து 1964ல் மறைஞ்ச காருகுறிச்சி அருணாசலத்தோட நாகஸ்வரமும் எஸ். ஜானகி குரலும் போட்டி போடுற 'சிங்காரவேலனே தேவா' இருக்கே, 1962ல் வந்த கொஞ்சும் சலங்கைப் படத்துப் பாட்டு. அதை எங்க ஊர்ல எவன் பாடுவான்? ஒருத்தனாலும் முடியாது. அப்போ அது பெரிய பாட்டு இல்லையா? இந்தக் கேள்வியில நான் ரொம்ப நாள் முட்டிக்கிட்டு நின்னேன். அப்புறம் ஒரு கல்யாணத்துல, மேளகாரர்கிட்ட ஒரு பெரியவர் அதைக் கேட்டார். வாசிக்கிற தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். மூச்சு முட்ட வாசிச்சான். பந்தியில உக்காந்திருந்தவங்க சாப்பாட்டை நிறுத்திட்டுத் தொடக்கத்தை மட்டும் முனகினாங்க. அந்தப் பாட்டு வாய்வழியாப் போகலை, நாகஸ்வரத்து வழியாப் போகுது. எந்த வழியாப் போனாலும், ஒரு மனுசன் கிட்ட இருந்து இன்னொரு மனுசனுக்குப் போகணும். பெட்டியில இருந்து காதுக்குப் போறது மட்டும் கணக்குல வராது.

இதுல எனக்கு ஒரு பயமும் இருக்கு. இப்போ களையெடுக்க வாறவங்க இடுப்புல செல்போன். ஆளுக்கொரு பாட்டு ஓடுது. பாட்டுக்குக் குறைச்சலே இல்லை. அந்தக் காலத்தைவிட நூறு மடங்கு கேக்கிறோம். ஆனா பாடுறது குறைஞ்சு போச்சு. வரியை மாத்திக் கட்டுறது அதைவிடக் குறைஞ்சு போச்சு. குத்தம் அவங்க மேல இல்லை. எட்டு மணி நேரம் குனிஞ்சு நிக்கிறவங்க பாட்டுக் கேக்கட்டும். ஆனா வாய்க்கு வராத பாட்டு எப்படிப் பெரிய பாட்டு ஆகும்? நாளைக்கு இன்னொரு கண்மாய் உடைஞ்சு, இன்னொரு ராத்திரி கரண்டு போச்சுன்னா, அந்தப் பையன் வயசுப் பிள்ளைக வாயில எது மிஞ்சியிருக்கும்? சிறந்த பாட்டு எதுன்னு பட்டியல் போடுற நீங்க, இந்தக் கேள்வியையும் அதுல ஒரு ஓரத்துல சேர்த்துக்கங்க.

மருமகனுக்கு ஒரே ஒரு பதில்தான் போட்டேன். "ஆயுதபூசைக்கு ஊருக்கு வா. அப்போ விதைப்பு நடக்கும். வாறப்போ அந்த ஸ்பீக்கர் டப்பாவைச் சென்னையிலேயே வச்சுட்டு வா. உனக்குப் பெரிய பாட்டுன்னு தோணுற அஞ்சைப் பள்ளிக்கூடத் திண்ணையில உக்காந்து பாடிக்காட்டு. அந்தப் பாட்டியும் வருவா, அந்தப் பையனும் வருவான். அவங்க சேர்ந்து பாடினா நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கிறேன்."

"மாமா, எனக்குப் பாடவே வராதே"ன்னு பதில் வந்திருக்கு.

எனக்கும்தான் வராது. அன்னைக்கு ராத்திரி நானும் பாடினேன்.